எட்டாவது கட்டம்

என் கட்டுரையை இதுவரை முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அதில் முழுதாகப் படித்தவர்கள் நாற்பது பேர் தேறினால் அதிகம். மற்றவர்கள் ஆறாம் பக்கத்தில் இருக்கும் சூத்திரத்தை மட்டும் உருவிக்கொண்டு, அடிக்குறிப்பில் என் பெயரைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. நாற்பத்திரண்டு நாடுகளில் 'லோசனி எடை' என்றால் தெரியும். முழுப் பெயர் மீனலோசனி. வெளிநாட்டுக்காரர்கள் வாயில் மீன் நுழையவில்லை, லோசனி மட்டும் நுழைந்தாள்.

நான் சுகாதாரப் பொருளாதார ஆய்வாளர். இதைச் சொன்னால் "டாக்டரா?" என்பார்கள். இல்லை ஐயா. டாக்டர் கையில் பத்துப் பேருக்கு மருந்து இருந்து, வாசலில் ஆயிரம் பேர் நின்றால், எந்தப் பத்துப் பேருக்குக் கொடுப்பது என்று கணக்குப் போடுகிறவள். அதைக் கேட்டதும் சிலருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டுமே! யாராவது போட்டுத்தானே ஆகவேண்டும்? நான் போடாவிட்டால் மந்திரியின் மச்சினன் போடுவான்.

இப்போது நடப்பது 2067. கெட்டுப்போன சிறுநீரகத்துக்குப் பதிலாக, நோயாளியின் சொந்த செல்லிலிருந்தே புதிதாக ஒன்றை வளர்த்துப் பொருத்துகிறார்கள். அதற்குத் தொட்டி வேண்டும். ஒரு தொட்டி, ஒரு ஆள், நான்கு மாதம். தமிழ்நாடு முழுமைக்கும் இருப்பது முந்நூறு தொட்டி. காத்திருப்பவர்கள் பதினோராயிரம் பேர். வருஷத்துக்குத் தொள்ளாயிரம் பேருக்கு மேல் கிடைக்காது. யாருக்கு முதலில் என்பதை அரசின் முறைவரிசை ஆணையம் முடிவு செய்கிறது. ஆணையம் என்றால் ஒரு மென்பொருள். அது உங்களைப் போனில் கூப்பிடும், உங்கள் ஊர்ப் பேச்சிலேயே ஏழு கேள்விகள் கேட்கும், உங்களுக்கு ஒரு நம்பர் கொடுக்கும். திருநெல்வேலிப் பக்கம் அதற்குக் 'கேள்வியக்கா' என்று பெயர். அந்த அக்காவின் மூளைக்குள் உட்கார்ந்திருப்பது என் சூத்திரம்.

போன வருஷம் என் சிறுநீரகமும் கைவிரித்துவிட்டது. கேள்வியக்கா என்னையும் கூப்பிட்டாள். என் நம்பர் 2,904. மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். என் சூத்திரம், என் நம்பர். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது என்றால் நம்புவீர்களா? கரண்டி தன் கையில் இருந்தும் தன் தட்டை முதலில் நிரப்பிக்கொள்ளாதவள் என்று.

செவ்வாய், வியாழன், சனி காலையில் பாளையங்கோட்டையில் எனக்கு டயாலிசிஸ். ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"லோசனி மேடந்தானா? ஏயப்பா, முடியெல்லாம் நரைச்சுப் போச்சே! என்னைத் தெரியலையா? உலகம்மை!"

முப்பத்தெட்டு வருஷம். 2029இல் தென்காசி, சங்கரன்கோவில் பக்கம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வீடுகளில் நான் எடுத்த சர்வேக்கு அவள்தான் களப்பணியாளர்களின் தலைவி. எந்த வெயிலிலும் சலிக்காமல் நடப்பாள். எந்த நாய்க்கும் பயப்பட மாட்டாள். அந்த சர்வேயிலிருந்து வந்ததுதான் அந்தக் கட்டுரை, அந்தக் கட்டுரையிலிருந்து வந்ததுதான் என் வேலை, பதவி, வெளிநாட்டுப் பயணம் எல்லாம்.

"உலகம்மை! நீ எப்படி இருக்கே?" என்றேன்.

"எனக்கென்ன மேடம், நல்லாத்தான் இருக்கேன்."

கையில் இரண்டு ஊசி. குழாயில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு நானும் தலையாட்டினேன், பாருங்கள்!

எதிர்க்கட்டிலில் காந்திமதிநாதன் இருந்தார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிளாட்பாரத்தின் கடைசிவரை கேட்கிற தொண்டை. "சிஸ்டர்! கால் மரத்துப் போச்சு! சிஸ்டர்! நெஞ்சு படபடங்குது! இங்க யாராவது இருக்கீங்களா, இல்ல எல்லாரும் லீவா?"

"அண்ணாச்சிக்கு மூச்சு இருக்குன்னு அடுத்த ஊருக்கே தெரியும்," என்று உலகம்மை கண்ணைச் சிமிட்டினாள். "நல்ல மனுசன். வரும்போதெல்லாம் எனக்குத் தினத்தாள் வாங்கிட்டு வருவாவ. அவிய நம்பர் நூத்தி எழுவத்தொண்ணு. ரெண்டு மூணு மாசத்துல தொட்டி. உங்களது என்ன மேடம்?"

சொன்னேன்.

"பரவால்லையே. எனக்கு ஆறாயிரத்து முந்நூத்திப் பதினெட்டு."

ஏழு வருஷம். "உனக்கு அவ்வளவு மோசமில்லைன்னு அர்த்தம்," என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

"அண்ணாச்சியவிட எனக்குக் கிரியாட்டினின் கூட மேடம். ஊசி போட ரத்தக்குழாய் இல்ல, எல்லாம் அடைச்சுட்டு வருது. இந்தக் கைதான் கடைசி. ஆறு மாசம் ஓடுனாப் பெரிசுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ." பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்றது. "அப்புறம் எப்படி ஆறாயிரம்?"

"என்னைக் கேக்கீயளா? கணக்கு உங்களதுல்லா!"

"கேள்வியக்கா கூப்பிட்டப்போ நீ என்ன சொன்னே?"

"நல்லாத்தான் இருக்கேன்னேன். பின்ன? யாரோ ஒரு பொம்பள போன் பண்ணி, சாப்ட்டீயளான்னு கேட்டுட்டு, ஒடம்பு எப்படி இருக்குன்னா, எடுத்த எடுப்புல ஒப்பாரி வைக்கவா முடியும்?"

"அது மெஷின், உலகம்மை."

"மெஷினா இருந்தா என்ன, மரியாதையாக் கேக்குல்லா."

எனக்குக் கோபம் வந்தது. "மறுபடி கூப்பிட்டு உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். ரெண்டாம் தடவ ஒண்ணு விடாமச் சொன்னேன். ஏழாயிரத்துல இருந்தது ஆறாயிரத்து முந்நூறு ஆச்சு, அவ்வளவுதான். ஆபீஸ்ல போய்க் கேட்டா, பொம்பளையளுக்குத் தாங்குற சக்தி கூட, அதக் கழிச்சுட்டுத்தான் நம்பர் போடுவோம்னு சொல்லுதாவ. யாரு கண்டுபிடிச்சான்னு கேட்டேன். உங்க பேரச் சொன்னாவ." சிரித்தாள். "நம்ம மேடமான்னு சந்தோசமாத்தான் இருந்துது."

லோசனி எடை என்பது அதுதான். சிகிச்சையால் யாருக்கு எவ்வளவு லாபம் என்று பார்ப்போம். அவரவர் பதிலின்படி உடல்நிலை நூற்றுக்கு முப்பதில் கிடக்கிறவர் தொண்ணூறுக்கு ஏறினால் லாபம் அறுபது. எண்பதில் இருப்பவர் தொண்ணூறுக்கு ஏறினால் பத்து. லாபம் அதிகமானவருக்கு முதலிடம். என் சர்வேயில் ஒரே நோய், ஒரே ரத்தப் பரிசோதனை முடிவு இருந்தும், ஆண்கள் 'மோசம்' என்றார்கள், பெண்கள் 'நலம்' என்றார்கள். பெண்கள் நோயோடு பழகி நலமாகவே வாழ்கிறார்கள், அவர்களுக்குப் பாதிப்பு குறைவு, அதற்கேற்ப எடையைக் குறைக்கலாம் என்று எழுதினேன். 'தாங்குதிறன்' என்று பெயரும் வைத்தேன். உலகமே கைதட்டியது. ஒரு நாட்டு மந்திரி என் கையைக் குலுக்கி, "உங்களால் எங்கள் காத்திருப்புப் பட்டியல் பாதியாகக் குறைந்துவிட்டது" என்றார். அந்தப் பாதி யார் என்று நான் கேட்கவில்லை.

உலகம்மை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "மேடம், ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிருக்கேன். நான் எட்டாவது கட்டத்துல எழுதுனதெல்லாம் படிச்சீயளா?"

படிக்கவில்லை.

படிவத்தில் ஏழு கேள்விகள், எட்டாவதாக 'குறிப்பு' என்று ஒரு கட்டம். வீடு பூட்டியிருந்தது, நாய் கடித்தது என்று எழுதுவதற்காக வைத்தது. உலகம்மையும் அவள் ஆட்களும் அதை நிரப்பி நிரப்பி அனுப்பினார்கள். "இதெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறாது, ஒரு வீட்டுக்கு ஒரு நிமிஷம் வீண்" என்று அன்றைக்கு அவளைத் திட்டியதுகூட நினைவிருக்கிறது. ஏழு கட்டத்தை மட்டும் ஏற்றச் சொன்னேன்.

"அந்தப் படிவமெல்லாம் இப்போ இல்லையே," என்றேன். "அஞ்சு வருஷம் கழிச்சு எரிச்சாச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டேனே."

"கையெழுத்துப் போட்டது நீங்க. எரிக்கச் சொன்னது என்கிட்டல்லா? எத்தன பேரு வாயத் தொறந்து சொன்னது, அதப் போயி எரிப்பாகளா? சாக்குல கட்டி பரண்ல போட்டிருக்கேன்."

மறுநாள் காலையிலேயே அவள் வீட்டுக்குப் போய்விட்டேன். அவள் மகன் நான்கு சாக்கு மூட்டைகளை இறக்கி வைத்தான். தும்மல் அடங்கவே பத்து நிமிஷம் ஆயிற்று. முதல் கட்டைப் பிரித்தேன்.

வீட்டு எண் 212. பதில்: நலம். குறிப்பு: 'சொல்லும்போது நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்றார்.'

வீட்டு எண் 417. பதில்: நலம். குறிப்பு: 'மாமியார் பக்கத்தில் இருந்தார். நான் கிளம்பியதும் தெருமுனை வரை பின்னால் வந்து, இந்த வலிக்கு மாத்திரை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.'

வீட்டு எண் 903. பதில்: நலம். குறிப்பு: 'பதில் சொல்லிவிட்டு உள்ளே போய் வாந்தி எடுத்தார். திரும்பி வந்து எனக்கு மோர் கொடுத்தார்.'

அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன். அறுபத்தெட்டு வயதுக்காரி, யார் வீட்டிலோ தரையில் உட்கார்ந்து, சாக்கு மூட்டைக்கு நடுவில்.

"எதுக்கு மேடம் நான் நடையா நடந்தேன்?" என்று உலகம்மை கேட்டாள். குரலில் கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை. "வீட்டுக்கு வந்தவகிட்ட எந்தப் பொம்பள சீக்குன்னு சொல்லுவா? சொன்னா மறுநாளே சீக்காளின்னு பேரு. அதனாலதான் அவிய சொன்னத ஏழுல எழுதுனேன், நான் பாத்தத எட்டுல எழுதுனேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அழுது என்ன ஆகப்போகிறது? அவளுக்கு இருப்பது ஆறு மாதம். நான் கட்டிய கணக்கை நானே இடிக்க வேண்டும், அதுவும் அதற்குள் இடிக்க வேண்டும்.

டயாலிசிஸ் இல்லாத நாளெல்லாம் உட்கார்ந்தோம். அவள் வாசிப்பாள், நான் குறிப்பேன். நீண்ட நாள் நோய் இருந்தும் 'நலம்' என்று சொன்ன பெண்கள் அறுநூற்றுப் பதினோரு பேர். அதில் ஐந்நூற்று நாற்பத்தெட்டு பேரின் எட்டாவது கட்டம் வேறு கதை சொன்னது. அந்தக் கட்டத்தையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. தாங்குதிறன் என்று ஒன்று இல்லவே இல்லை. மூன்று முறை சரிபார்த்தேன். மூன்று முறையும் இல்லை.

கட்டுரை வெளியான பத்திரிகைக்கு நானே எழுதினேன்: இந்தக் கட்டுரையின் முடிவு தவறு, இதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அடுத்த மாதம் எனக்கு ஒரு பாராட்டு மலர் வெளியிடுவதாக இருந்தார்கள். அதை நிறுத்தச் சொன்னேன். "அவசரப்படாதீங்க, அமைதியா ஒரு திருத்தம் போட்டுக்கலாம்" என்று ஒருவர் போனில் புத்தி சொன்னார். "அமைதியா இருந்துதானய்யா இத்தனை பேர் செத்தாங்க," என்று போனை வைத்தேன்.

பிறகு முறைவரிசை ஆணையத்தின் மண்டல இயக்குநர் பீர்முகமதுவைப் போய்ப் பார்த்தேன். ஒரு காலத்தில் என்னோடு ஆராய்ச்சியில் வேலை பார்த்தவர். நிதானமான மனிதர், பேசுவதற்கு முன் பேனா மூடியை மூடுவார்.

"எடையை எடுத்துட்டா மட்டும் போதாது மேடம்," என்றார். "இப்பவும் பொம்பளைங்க நலம்னுதானே பதில் சொல்லுவாங்க?"

"அதுக்கும் வழி வெச்சிருக்கேன். கேள்வியக்காகிட்ட எல்லார் குரலும் பதிவாகியிருக்கில்ல? வார்த்தையை மட்டும் கேக்காம, மூச்சு வாங்குறது, பேச்சு நடுவுல நிக்கிறது, பதில் சொல்ல எவ்வளவு நேரமாச்சு, எல்லாத்தையும் கேக்கச் சொல்லுங்க. மெஷினுக்கும் ஒரு எட்டாவது கட்டம் வேணும்."

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். புதிய முறையில் வரிசையைச் சோதனையாக ஓட்டிப் பார்த்திருந்தார்.

"உலகம்மை நாப்பத்துநாலு," என்றார்.

இரண்டு மாதத்துக்குள் தொட்டி! எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. "காந்திமதிநாதன்?"

பேனா மூடியை மூடினார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னெண்டு."

இரண்டு வருஷத்துக்கு மேல். தினத்தாள் வாங்கி வருகிற மனிதர். அவர் என்ன தப்புச் செய்தார்? வலித்தபோது வலிக்கிறது என்றார். தொட்டி முந்நூறுதான் என்றால் ஒருவர் ஏற ஒருவர் இறங்கத்தான் வேண்டும். இதை வாழ்நாள் முழுக்க வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான். சொல்லிக்கொடுத்தபோது இறங்குகிறவருக்கு ஒரு முகம் இருந்ததில்லை.

"உங்க நம்பரைக் கேக்கலையே மேடம்," என்றார் பீர்முகமது.

"எனக்கென்ன, கொஞ்சம் முன்ன பின்ன மாறியிருக்கும். நான் ஒளிக்காமத்தான் பதில் சொன்னேன்."

"அறுபத்து மூணு."

"தப்பா இருக்கும். திருப்பிப் பாருங்க."

அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். கேள்வியக்காவின் குரல், "ஒடம்பு எப்படி இருக்கு மேடம்?" என்றது. பிறகு என் குரல். "எனக்கென்ன..." ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. "நல்லாத்தான் இருக்கேன். நீங்க..." மறுபடி மூச்சு. "அடுத்த கேள்வி கேளுங்க."

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. அன்றைக்கு மாடிப்படி ஏறி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பேசினேன் என்பது மட்டும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சூத்திரத்தை எழுதியவளே அதில் விழுந்திருக்கிறேன், விழுந்தது தெரியாமல் பெருமை வேறு.

"ஆணையத்துல அஞ்சு உறுப்பினர். பொது விசாரணை வைப்பாங்க," என்றார் பீர்முகமது. "கணக்கை மாத்துறவங்க அந்தக் கணக்குலயே ரெண்டாயிரத்து எண்ணூறு இடம் முன்னால வர்றாங்க. இந்த ஒண்ணு போதும், மொத்தத்தையும் தூக்கிக் கடாசிடுவாங்க. அப்புறம் உலகம்மைக்கும் இல்லை, யாருக்கும் இல்லை."

வீட்டுக்கு வந்ததும் கடிதம் எழுதினேன். முறைவரிசையிலிருந்து என் பெயரை நிரந்தரமாக நீக்கிவிடவும். இரண்டே வரி. எழுதி முடித்ததும் மனசு லேசானது. வியாழக்கிழமை டயாலிசிஸில் உலகம்மையிடம் காட்டினேன். இனி யாரும் என்னைக் கைநீட்டிப் பேச முடியாது என்றேன்.

அவள் படித்தாள். மறுபடி படித்தாள். "உங்களுக்கென்ன கோட்டி புடிச்சிருக்கா?"

"உனக்காகத்தான்..."

"எனக்காக யாரும் சாவ வேண்டாம். அந்தப் பாவத்த நான் எங்க கொண்டுபோய்த் தொலைக்க?" அவள் கையில் ஊசி இல்லையென்றால் எழுந்து வந்திருப்பாள். "இதுவும் அதே நல்லாத்தான் இருக்கேன்தான் மேடம். அந்தப் பொம்பளையள் வாயால சொன்னாவ. நீங்க பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீய. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

கடிதத்தை அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"அப்போ விசாரணையில போய் நான் என்னத்தைச் சொல்ல?" என்றேன்.

"நான் கேக்கேன். நீங்க பதில் சொல்லுங்க. பழைய படிவம் எழுதாம நாலு இருக்கு."

விசாரணை ஒரு பெரிய அறையில் நடந்தது. கணக்கை விளக்கினேன். சாக்கு மூட்டையிலிருந்து இருபது குறிப்புகளை வாசித்தேன். பிறகு உறுப்பினர்களில் ஒருவரான வழக்கறிஞர், பீர்முகமது சொன்ன அதே கேள்வியைக் கேட்டார்.

"இந்தத் திருத்தத்தால உங்களுக்கு லாபம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு," என்றேன். "அறுபத்து மூணாவது இடம். என் இடத்தை நான் சொல்ல வேண்டாம், இந்தக் கணக்கும் சொல்ல வேண்டாம். வேற டாக்டர்கள் தனியா என்னைச் சோதிச்சு முடிவு பண்ணட்டும். ஆனா என் பேரை நான் எடுக்க மாட்டேன். எடுத்தா, நான் இவ்வளவு நேரம் வாசிச்ச பொம்பளைங்க செஞ்சதையே நானும் செய்றேன்னு ஆகும். அஞ்சு நிமிஷம் கொடுங்க. உலகம்மை, வா."

அவள் வீங்கிய காலை இழுத்து நடந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். மடியில் மஞ்சளாகிப்போன படிவம், கையில் பென்சில். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பு வீடு வீடாகக் கேட்ட அதே குரல்.

"ஒடம்பு எப்படி இருக்கு மேடம்?"

"எனக்கென்ன..." என்று ஆரம்பித்துவிட்டேன்! அத்தனை பேர் முன்னால்! பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உலகம்மை சிரிக்கவில்லை. பென்சிலை அசைக்கவும் இல்லை. சும்மா காத்திருந்தாள். அவளுக்குக் காத்திருக்கத் தெரியும்.

நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. உடம்பை அவிழ்த்துக் காட்டச் சொன்னதுபோல் இருந்தது.

"எனக்கு முடியலை," என்றேன். "படி ஏற முடியலை. படுத்தா மூச்சு முட்டுது. ரெண்டு தலையணை வெச்சு உக்காந்துதான் தூங்குறேன். உப்பில்லாம சாப்பிட்டு நாக்கு செத்துப் போச்சு. பயமா இருக்கு உலகம்மை. எனக்குச் சாகப் பயமா இருக்கு."

இதை என் வாழ்க்கையில் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் ஏழு கட்டத்தையும் நிரப்பினாள். பிறகு எட்டாவதை எழுதி, உறுப்பினர்கள் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நிறுத்தி வாசித்தாள். "முதல் பதில் சொல்ல மூன்று நிமிடம் ஆனது. அதுவரை நாற்காலியின் கையை விடவில்லை."

மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் திருத்தம் நிறைவேறியது. வழக்கறிஞர் எதிர்த்துத்தான் வாக்களித்தார். பரவாயில்லை, மூன்று போதும்.

மார்ச் கடைசியில் உலகம்மைக்குத் தொட்டி கிடைத்தது. செல் எடுக்க அவளைத் தொட்டி இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள், நான்கு மாதமும் டயாலிசிஸ் அங்கேதான். "வாரேன் மேடம், வந்து உங்களுக்கு உப்புப் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைக்கேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கான டாக்டர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. சொல்லும்போது சொல்லட்டும். என் கட்டுரையை எடுத்தாண்டவர்கள் அத்தனை பேருக்கும் திரும்பப் பெற்ற அறிவிப்பு போய்க்கொண்டிருக்கிறது. இருபத்தொரு நாடுகள் எடையை நிறுத்திவிட்டன. மிச்சம் இருபத்தொன்று. தினமும் இரண்டு கடிதம் எழுதுகிறேன், விடப்போவதில்லை.

அடுத்த வியாழக்கிழமை டயாலிசிஸுக்குப் போனபோது எதிர்க்கட்டிலில் காந்திமதிநாதன் இருந்தார். புதிய வரிசை அவருக்கும் வந்திருக்கும். அவர் கத்தப் போகிறார் என்று காலையிலிருந்தே தயாராக வந்திருந்தேன். கத்தட்டும், அவருக்கு உரிமை உண்டு, முழுதாகக் கேட்டுக்கொள்வது என்று இருந்தேன்.

அவர் கத்தவில்லை. சிஸ்டரைக் கூப்பிடவில்லை. உலகம்மையின் காலிக் கட்டிலில் அன்றைய தினத்தாள் மடித்து வைத்திருந்தது.

"எப்படி இருக்கீங்க, அண்ணாச்சி?" என்றேன்.

"எனக்கென்ன மேடம்," என்றார். "நல்லாத்தான் இருக்கேன்."

சிஸ்டரிடம் என் பையை எடுத்துத் தரச் சொன்னேன். உள்ளே உலகம்மை கொடுத்துவிட்டுப் போன வெற்றுப் படிவம் மூன்று இருந்தது. ஒன்றை எடுத்து மடியில் வைத்து, ஊசி இல்லாத கையால் அவர் பெயரை எழுதினேன். முதல் கட்டத்தில் 'நலம்' என்று எழுதினேன். பிறகு எட்டாவது கட்டத்துக்குப் போனேன்.

'சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார்.'

எழுத ஒரு நிமிஷம்தான் ஆயிற்று.